டிவிக்குள் டியூனர் இருந்தும் செட்டாப் பாக்ஸ் ஏன் போகவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைத் தள்ளுபடி விளம்பரங்களில் ‘டிஜிட்டல் டியூனர் உள்ளேயே இருக்கிறது, செட்டாப் பாக்ஸ் தொல்லை இல்லை’ என்ற வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. டியூனர் என்பது வரும் அலையில் இருந்து சேனலைப் பிடிக்கும் பாகம். அதை நம்பி வாங்குபவர் வீட்டுக்கு வந்ததும் பாக்ஸில் இருக்கும் கேபிள் வயரைக் கழற்றி நேராக டிவியில் செருகுகிறார். ஆட்டோ ட்யூனிங் ஓடுகிறது. ஒன்று, ஒரு சேனலும் கிடைப்பதில்லை. இல்லையென்றால் நூற்றுக்கணக்கான சேனல்களின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன, எதை அழுத்தினாலும் கறுப்புத் திரை. கடைக்காரர் கேபிள்காரரைக் கேளுங்கள் என்கிறார். கேபிள்காரர் டிவியில்தான் கோளாறு என்கிறார். உண்மையில் டிவியிலும் பழுதில்லை, கேபிளிலும் பழுதில்லை. தடை சட்டத்தில் இருக்கிறது. இது தெரிந்தால் வாங்குபவர் ஏமாற மாட்டார், டியூனரை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதும் பிடிபடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செட்டாப் பாக்ஸோடு நாட்டிலேயே முதலில் மல்லுக்கட்டிய ஊர் சென்னை. 2003 செப்டம்பரில் இங்கே, பணம் கட்டியவருக்கு மட்டும் சேனலைத் திறந்துவிடும் கண்டிஷனல் அக்சஸ் முறை வந்தபோது கட்டணச் சேனல்களுக்கு மட்டும்தான் பாக்ஸ் தேவைப்பட்டது. இலவசச் சேனல்கள் பழைய அனலாக் வழியிலேயே நேராக டிவிக்கு வந்துகொண்டிருந்தன. இந்த வேறுபாட்டை ஒழித்தது கேபிள் டிவி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2011இல் வந்த திருத்தம். அதன் 4ஏ பிரிவு, எந்தச் சேனலாக இருந்தாலும் டிஜிட்டலாகவும், சாவி இல்லாமல் பார்க்க முடியாதபடி குறியாக்கம் செய்து பூட்டியும்தான் அனுப்ப வேண்டும் என்று கேபிள் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. ‘எந்தச் சேனலாக இருந்தாலும்’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு ரூபாய்கூட விலையில்லாத செய்திச் சேனலும் தூர்தர்ஷனும் இதில் அடங்கிவிட்டன. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31, கோவை உள்ளிட்ட 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31 என்று கெடு வைத்தார்கள். சென்னையில் வழக்குகளால் தள்ளிப்போனது வேறு கதை. கடைசிக் கட்டத்தின் கெடு 2017 மார்ச் 31இல் முடிந்தது. அதற்குப் பிறகு வயரை நேராகச் செருகிப் படம் பார்ப்பது என்ற பேச்சே சட்டப்படி இல்லை.

டியூனர் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது மூன்று வகை. கூரை ஆன்டெனாவில் வருவதைப் பிடிப்பது டிவிபி-டி2. கேபிளுக்கு டிவிபி-சி. டிஷ்ஷுக்கு டிவிபி-எஸ்2. விளம்பரத்தில் ‘டிஜிட்டல் டியூனர்’ என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று தெரியாது. அட்டைப்பெட்டியிலோ கையேட்டிலோ இருக்கும் விவரப் பட்டியலில் இந்த எழுத்துகளைத் தேடுங்கள். அது கைவசம் இல்லையென்றால் டிவியின் முதுகைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வெறுமனே அழுத்திச் செருகும் வட்டத் துளை ஒன்று மட்டும் இருந்தால் அது ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் பொதுவானது, டிஷ் வராது. மரை போட்டுத் திருகி மாட்டும் இன்னொரு துளை இருந்தால் அது பெரும்பாலும் டிஷ்ஷுக்கானது. அந்தத் துளை வழியாக டிவி 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை மேலே அனுப்பி, டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் எல்என்பி என்ற சிறு கருவியை இயக்குகிறது. விலை மலிவான சில ஸ்மார்ட் டிவிகளில் பழைய அனலாக் டியூனர் மட்டும்தான் இருக்கும். இன்றைய கேபிளில் அதற்கு வேலையே இல்லை. சந்தேகம் தீர ஒரு வழி: கடையிலேயே சேனல் மெனுவைத் திறக்கச் சொல்லி ஆன்டெனா, கேபிள், சேட்டிலைட் என்று எத்தனை வரிகள் வருகின்றன என்று பாருங்கள். கேபிளைத் தேர்ந்தெடுத்த பிறகு ‘டிஜிட்டல்’ தேடலா என்று டிவி தனியே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது அனலாக் கேபிள்.

இனி வயருக்குள் என்ன ஓடுகிறது என்று பார்ப்போம். கேபிளில் 47 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கிறது. அனலாக் காலத்தில் 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு துண்டில் ஒரே ஒரு சேனல்தான் ஓடியது. இப்போது அதே 8 மெகாஹெர்ட்ஸில் குவாம் எனும் பண்பேற்றத்தில், அதாவது தரவை அலையில் ஏற்றும் முறையில், ஒரு டிஜிட்டல் கேரியர் (தரவைச் சுமக்கும் அலை) போகிறது. 64 குவாம், சிம்பல் ரேட் (நொடிக்கு எத்தனை ஆயிரம் குறிகள் என்ற வேகம்) 6875 என்றால் நொடிக்கு ஏறக்குறைய 38 மெகாபிட் பயனுள்ள தரவு கிடைக்கும். 256 குவாம் என்றால் 50 மெகாபிட்டைத் தாண்டும். எம்பெக்-4 முறையில் சுருக்கிய சாதாரணச் சேனலுக்கு 2 மெகாபிட் போதும் என்று வைத்தால், பதினைந்து இருபது சேனல்கள் ஒரே கேரியரில் ஏறிவிடுகின்றன. சேனல்கள் இப்படிக் கூட்டமாகப் பயணம் செய்கின்றன என்பதை மனதில் வையுங்கள். பழுது கண்டுபிடிக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

டிவிபி-சி டியூனர் உள்ள டிவி இந்தக் கேரியர்களை ஒழுங்காகவே பிடிக்கிறது, பிரிக்கிறது. அப்படியானால் பெயர் வருகிறது, படம் ஏன் வருவதில்லை? ஒவ்வொரு கேரியரிலும் படம், ஒலியோடு சேர்த்துச் சில அட்டவணைகளும் வருகின்றன: இந்தக் கூட்டத்தில் எந்தெந்தச் சேனல், பெயர் என்ன, எண் என்ன, மற்றக் கேரியர்கள் எங்கே என்ற விவரங்கள். இவற்றைப் பூட்டினால் பாக்ஸுக்கே வழி தெரியாமல் போய்விடும் என்பதால் திறந்தபடிதான் அனுப்புகிறார்கள். பூட்டியிருப்பது படமும் ஒலியும். தெருவில் வீட்டு எண்கள் எல்லாம் தெரிகின்றன, கதவுகள் மட்டும் சாத்தியிருக்கின்றன என்பதுபோல. டிவி எண்களைப் படித்துப் பட்டியல் போட்டுவிடுகிறது.

கதவைத் திறக்கும் சாவி சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. மாறும் சாவியும் இன்னொரு பூட்டுக்குள் வைக்கப்பட்டு அதே வயரில் வருகிறது. அந்த இரண்டாவது பூட்டைத் திறக்கும் உரிமை, பாக்ஸில் செருகியிருக்கும் ஸ்மார்ட் கார்டிலோ, கார்டு இல்லாத பாக்ஸ் என்றால் உள்ளே இருக்கும் சிப்பிலோ எழுதப்பட்டிருக்கும். நீங்கள் மாதச் சந்தா கட்டியதும் கேபிள் நிறுவனத்தின் கணினி உங்கள் பாக்ஸ் எண்ணைக் குறித்து உரிமையைப் புதுப்பிக்கும் செய்தியை அனுப்புகிறது. அந்தச் செய்தி வரும்போது பாக்ஸ் மின்சாரத்தில் இருக்க வேண்டும், வயர் மாட்டியிருக்க வேண்டும். ஊருக்குப் போய்விட்டு மாதக் கணக்கில் அணைத்து வைத்திருந்த பாக்ஸ், பணம் கட்டிய பிறகும் ‘சந்தா இல்லை’ என்று காட்டுவது இதனால்தான். பாக்ஸைப் போட்டு ஒரு கட்டணச் சேனலில் அரை மணி நேரம் விட்டுவையுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் கேபிள்காரரிடம் பாக்ஸ் எண்ணைச் சொல்லி மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லுங்கள். இதற்காக ஆள் நேரில் வர வேண்டியதில்லை, அவருடைய கைப்பேசியிலோ கணினியிலோ முடிந்துவிடும் வேலை.

ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்தின் வயரில் ஓடாததற்கும் காரணம் இதுவே. அரசு கேபிள் பாக்ஸும் தனியார் பாக்ஸும் ஒரே டிவிபி-சி அலையைத்தான் பிடிக்கின்றன. சாவி முறைதான் வேறு வேறு. வீடு மாறுபவர்கள் பழைய பாக்ஸைக் கட்டித் தூக்கிக்கொண்டு போவதற்கு முன், புது ஊரிலும் அதே நிறுவனத்தின் வலை இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

சாவியை டிவிக்கே கொடுத்துவிட்டால் பாக்ஸ் எதற்கு? நியாயமான கேள்விதான், அதற்கு வழியும் இருக்கிறது. சில டிவிகளின் பக்கவாட்டில் தட்டையான ஒரு நீளத் துளை இருக்கும். பொது இடைமுகம், சுருக்கமாக சிஐ என்பார்கள். கேபிள் நிறுவனம் தரும் ‘கேம்’ என்ற சிறு தகட்டை அதில் செருகினால் டிவியே பூட்டைத் திறந்துகொள்ளும். ஐரோப்பாவில் இது சாதாரணம். நம் ஊர் கேபிள் நிறுவனங்கள் பொதுவாக இதைக் கொடுப்பதில்லை. வெளியே வாங்கிய கேம் தானாக வேலை செய்யாது. நிறுவனத்தின் சாவி முறையோடு அது பொருந்த வேண்டும், அவர்கள் அதைத் தங்கள் கணினியில் ஏற்றவும் வேண்டும். ‘இதைப் போட்டால் எல்லாச் சேனலும் ஃப்ரீ’ என்று இணையத்தில் விற்கும் தகடுகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் ஒரு பரிந்துரை வெளியிட்டது. எல்லா பாக்ஸ்களும் எந்த நிறுவனத்தோடும் ஒத்துப்போகும்படி, யுஎஸ்பி வடிவிலான கேம் செருகும் சிஐ பிளஸ் 2.0 தரத்துக்கு மாற வேண்டும். டிஜிட்டல் டிவிகளிலும் அந்தத் துளை ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அது பரிந்துரையாகவே நிற்கிறது.

குழப்பத்தைக் கூட்டியது அடுத்து வந்த ஒரு செய்தி. உள்ளேயே சேட்டிலைட் டியூனர் கொண்ட டிவிகளுக்கென்று ஐஎஸ் 18112:2022 என்ற தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்டதாக 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் அப்போதைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் அனுராக் தாக்கூர், செட்டாப் பாக்ஸ் இல்லாமலே 200க்கும் மேற்பட்ட சேனல்களைப் பார்க்க முடியும் என்ற பொருளில் பேசினார். பல ஊடகங்கள் ‘இனி செட்டாப் பாக்ஸ் வேண்டாம்’ என்று தலைப்புப் போட்டுவிட்டன. அந்தத் தரம் சொல்வது டிஷ்ஷில் இருந்து வரும் பூட்டாத சேனல்களைப் பற்றி மட்டும். கேபிள் அதில் இல்லை, கட்டண டிடிஎச் சேனல்களும் இல்லை. விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டது தலைப்பை.

சேட்டிலைட் டியூனர் உள்ள டிவியை வாங்கிவிட்டவர்கள் அதை வீணாக்க வேண்டியதில்லை. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேவை கிழக்கு 93.5 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளில் வருகிறது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷும் சாதாரண யுனிவர்சல் எல்என்பியும் போதும். தமிழ்நாட்டில் டிஷ் தென்கிழக்கைப் பார்க்க வேண்டும். சென்னையில் திசை வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 134 டிகிரி, மதுரையில் 122 டிகிரி. ஏற்றக் கோணம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய 68 டிகிரி. ஆனால் டிஷ் தட்டை 68 டிகிரிக்கு மல்லாத்திவிடாதீர்கள். கடையில் கிடைப்பது ஆப்செட் டிஷ். எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், தட்டு செங்குத்திலிருந்து 45 டிகிரி அளவுக்குச் சாய்ந்தாலே சரியான இடத்தைப் பார்க்கும். புதிதாக மாட்டுபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

டிவி மெனுவில் எல்என்பி அலைவெண்ணை 9750/10600 என்றும், எல்என்பி பவரை ஆன் என்றும், டைசெக்கை (பல எல்என்பிகளுக்கிடையே மாற்றும் வசதி) ஆஃப் என்றும் வையுங்கள். டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் கேரியரின் அலைவெண்) 11090, போலாரிட்டி செங்குத்து, சிம்பல் ரேட் 29500 என்று கையால் கொடுத்துத் தரக் குறியீடு ஏறுகிறதா என்று பார்த்தபடியே டிஷ்ஷை விரல் அளவு விரல் அளவாக நகர்த்துங்கள். ‘ஸ்ட்ரெங்த்’ என்பது எல்என்பிக்கு மின்சாரம் போனாலே ஏறிவிடும். நம்ப வேண்டியது ‘குவாலிட்டி’யை மட்டும். இவ்வளவும் செய்த பிறகு கிடைப்பதில் பெரும்பகுதி இந்திச் சேனல்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிடி தமிழ் வரும். தமிழ்த் தொடர்கள் பார்க்கும் வீட்டுக்கு இது கேபிளுக்கு மாற்று ஆகாது.

ஆன்டெனா டியூனரின் கதை இன்னும் சுருக்கம். 2016 பிப்ரவரியில் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தூர்தர்ஷன் டிவிபி-டி2 ஒளிபரப்பைத் தொடங்கியது. தனியார் சேனல் ஒன்றுகூட அதில் இல்லை. நகரத்தை விட்டு வெளியே இருப்பவர்கள் ஆன்டெனா வாங்கிச் செலவு செய்வதில் பயனில்லை.

கேபிளுக்கே வருவோம். பூட்டாமல் வரும் சேனல் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க விரும்பினால், தேடலில் ‘கேபிள்’, ‘டிஜிட்டல்’ தேர்ந்தெடுத்துத் தேடும் முறையை ‘முழுமை’ என்று வையுங்கள். ‘விரைவு’ அல்லது ‘நெட்வொர்க்’ என்றால், மற்றக் கேரியர்கள் எங்கே என்று சொல்லும் அட்டவணையை டிவி நம்பிப் போகும். அந்த அட்டவணை சரியாக நிரப்பப்படாத வலைகளில் தேடல் பாதியில் முடிந்துவிடும். ‘ஒரு சேனலும் கிடைக்கவில்லை’ என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். சிம்பல் ரேட் 6875, பண்பேற்றம் தானியங்கி. தேடி முடித்ததும் மெனுவில் பூட்டாத சேனல்களை மட்டும் காட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். உள்ளூர் ஆபரேட்டரின் சொந்தச் சேனல் ஏதாவது தட்டுப்படலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பூட்டைத் திறக்காவிட்டாலும் டிவியின் டியூனர் ஒரு நல்ல மீட்டர். கறுப்புத் திரையில் நிற்கும் சேனலிலும் ‘சிக்னல் தகவல்’ பக்கத்தைத் திறந்தால் அந்தக் கேரியரின் அலைவெண், பலம், தரம் எல்லாம் தெரியும். பல பாக்ஸ்களிலும் இந்தப் பக்கம் உண்டு. ஆனால் கேபிள்காரரின் பாக்ஸ் சரியா, வயர் சரியா என்று பிரித்தறிய, பாக்ஸ் இல்லாமல் அளக்கும் இன்னொரு கருவி வீட்டிலேயே இருப்பது லாபம்தானே. வயரை டிவியில் செருகும்போது தரம் நன்றாக இருந்து, பாக்ஸில் மட்டும் படம் உடைந்தால் பாக்ஸை மாற்றக் கேட்கலாம். இரண்டிலும் மோசம் என்றால் வயரைத் தேட வேண்டும்.

அனலாக்கில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடிக்கொண்டே போகும். மனிதர் பொறுத்துக்கொண்டு பார்ப்பார். டிஜிட்டலில் நடுநிலை கிடையாது. ஒரு எல்லை வரை படம் கண்ணாடிபோல் இருக்கும், அதற்கு ஒன்றிரண்டு டெசிபல் கீழே போனால் கட்டம் கட்டமாக உடையும், இன்னும் ஒன்றிரண்டு குறைந்தால் ஒன்றுமே இல்லை. 64 குவாமுக்குப் பாக்ஸின் வாயிலில் சிக்னல் பலம் 50 முதல் 65 டெசிபல் மைக்ரோவோல்ட் வரை இருந்தால் கவலையில்லை. 256 குவாமுக்கு இன்னும் ஆறு ஏழு டெசிபல் கூடுதலாக வேண்டும். அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்து. கம்பத்து ஆம்ப்ளிஃபயருக்கு அடியிலேயே இருக்கும் வீட்டில் சிக்னல் 80ஐத் தாண்டும்போது டியூனர் திணறிப் படம் உடையும். அங்கே இன்னொரு பூஸ்டர் போடுவது எரிகிற தீயில் எண்ணெய். சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் ஒன்றை இடையில் திருகினால் சரியாகிவிடும்.

இழப்பு எங்கே நடக்கிறது என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். ஆர்ஜி-6 வயரில் 100 மீட்டருக்கு 55 மெகாஹெர்ட்ஸில் 5 டெசிபல் சொச்சம் போகும். 860 மெகாஹெர்ட்ஸில் அதே நீளத்துக்கு 20 டெசிபல் போகும். அதனால் நீண்ட வயரில் முதலில் சாவது மேல் அலைவெண்ணில் இருக்கும் சேனல்கள். இரு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்று போட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 4 டெசிபல் குறையும், நான்கு வழி என்றால் 7, 8. இரண்டு டிவிதான் இருக்கிறது என்றால் நான்கு வழி ஸ்ப்ளிட்டர் வேண்டாம். இருந்தே தீரும் என்றால் பயன்படாத துளைகளில் 75 ஓம் டெர்மினேட்டர் என்ற மூடியைப் போடுங்கள், விலை மிகக் குறைவு. திறந்த துளையில் மோதித் திரும்பும் அலை மற்ற டிவியின் படத்தைக் கெடுக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது ஜாயின்ட். வயரை வெட்டி நடுக் கம்பியை நடுக் கம்பியோடு முறுக்கி, அதைச் சுற்றியிருக்கும் உலோக வலையை வலையோடு முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிடுவது நம் ஊர் வழக்கம். அனலாக்கில் அது ஓடியது. இன்றைய கேரியருக்கு அந்த இடம் ஒரு ஓட்டை. அங்கே வயர் முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டிய 75 ஓம் மின்மறிப்பு மாறிப்போவதோடு, வெளியே ஓடும் கைப்பேசி அலைகளும் உள்ளே நுழைகின்றன. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடும் 5ஜி அலையும் கேபிளின் மேல்பகுதியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. வயர் முனையில் எஃப் கனெக்டர் (திருகி மாட்டும் இணைப்பு) மாட்டும்போது வலையின் ஒரு மயிரிழை நடுக் கம்பியைத் தொட்டாலும் முழு ஷார்ட். வலையை முழுக்கப் பின்னால் மடித்து, வெள்ளை இன்சுலேஷன் கனெக்டரின் உள்விளிம்போடு சமமாக நிற்கும்படி தள்ளி, நடுக் கம்பி விளிம்புக்கு வெளியே 2, 3 மில்லிமீட்டர் மட்டும் நீட்டியிருக்க வேண்டும். வெறுமனே திருகி ஏற்றும் கனெக்டரைவிட அழுத்தி இறுக்கும் கனெக்டர் நெடுநாள் உழைக்கும். மொட்டை மாடியில் இருக்கும் இணைப்பில் மழைநீர் இறங்கினால் வலை பச்சையாகப் பூத்துவிடும். அந்த இடத்தைத் துடைத்துப் பயனில்லை. பச்சை போகும்வரை வயரை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட வேண்டும்.

கேபிள்காரரைக் கூப்பிடும் முன் ஒரு நிமிடம் இதைப் பாருங்கள். எல்லாச் சேனலும் போய்விட்டதா? வயரோ, கம்பத்து மின்சாரமோ, சந்தாவோ காரணம். ஒரு பதினைந்து இருபது சேனல் மட்டும், எப்போதும் அதே சேனல்கள், உடைகின்றனவா? ஒரு கேரியர் கெட்டிருக்கிறது. அந்தச் சேனல்களின் பெயர்களைச் சொன்னாலே விவரம் தெரிந்த ஆபரேட்டர் அலைவெண்ணைப் பிடித்துவிடுவார். ஒரே ஒரு சேனல் மட்டும் வரவில்லை என்றால் உங்கள் பேக்கேஜிலோ, ஒளிபரப்பு மையத்திலோ பிரச்சினை. வீட்டு வயரைத் தொட வேண்டாம்.

பல ஊர்களில் இப்போது வீட்டு வாசல் வரை ஃபைபர் வந்துவிட்டது. வாசலில் மாட்டும் சிறு பெட்டியில் இணையத்துக்கு ஒரு துளையும் டிவிக்கு ஒரு துளையும் இருந்தால், டிவித் துளையில் வருவது அதே குவாம் கேரியர்கள்தான், அதே பூட்டுதான். டிவிக்கும் இணைய வயரே போகிறது என்றால் அது ஐபிடிவி. அதில் டிவியின் டியூனருக்கு எந்தப் பங்கும் இல்லை.

இனி அரசிடம் கேட்க வேண்டியது. எல்லாச் சேனலையும் பூட்ட வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் காரணம் இல்லாமல் இல்லை. அனலாக் காலத்தில் உண்மையான இணைப்புகளின் எண்ணிக்கை மறைக்கப்பட்டது. ஒளிபரப்பாளருக்கும் அரசுக்கும் போக வேண்டிய பணம் நடுவில் நின்றது. இலவசச் சேனலையும் பூட்டியிருப்பதால், பணம் கட்டாதவர் இணைப்பைக் கம்பத்தில் ஏறி வெட்டாமல் அலுவலகத்தில் இருந்தே நிறுத்த முடிகிறது. அமெரிக்காவிலும் இதே வாதம்தான் வென்றது. அங்கே டிவிகளில் டிஜிட்டல் டியூனர் கட்டாயமாக இருந்தும், முழு டிஜிட்டலான கேபிள் நிறுவனங்கள் அடிப்படைச் சேனல்களையும் பூட்டிக்கொள்ளலாம் என்று 2012 அக்டோபரில் அனுமதி கொடுத்தார்கள். ஜெர்மனியில் நேர்மாறு: பொது ஒளிபரப்புச் சேனல்கள் கேபிளில் பூட்டாமல் வருகின்றன, டிவிபி-சி உள்ள டிவியில் வயரைச் செருகினால் போதும்.

நாம் ஜெர்மனி அளவுக்குப் போகாவிட்டாலும், கேபிள் நிறுவனங்கள் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்லும் தூர்தர்ஷன் சேனல்களுக்காவது 4ஏ பிரிவில் விலக்கு அளிக்கலாம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் சேனலை எண்ணிக்கை பார்க்கப் பூட்டுவதில் பொருளில்லை. நிறுவனங்களுக்கு இதனால் இழப்பு அதிகமில்லை: தூர்தர்ஷன் சேனல்கள் மட்டும் போதும் என்று யாரும் சந்தாவை விடப்போவதில்லை. வெள்ளம், புயல் நேரத்தில் பாக்ஸ் கெட்டுப்போன வீட்டிலும், ஆக்டிவேஷன் போன வீட்டிலும் செய்தியாவது வரும். கேம் பற்றிய 2020 பரிந்துரையை ஏற்பதா மறுப்பதா என்று அமைச்சகம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதுவரை, நட்சத்திரக் குறியீடு ஒட்டுவதுபோல டிவியின் பெட்டியில் ஆன்டெனா, கேபிள், டிஷ் என்று மூன்று கட்டம் போட்டு எது உண்டு, எது இல்லை என்று தமிழிலும் அச்சிடச் செய்யலாம். அதற்குக் கீழே ஒரு வரி: ‘கேபிள், கட்டண டிடிஎச் சேனல்களுக்குச் செட்டாப் பாக்ஸ் தேவை.’

இப்படிக்கு,
தொலைக்காட்சி சேவைத் தொழில்நுட்பர்,
மதுரை